ஐம்பதுக்கு முன்பே அம்மாவுக்கு மறதி நோய்: பிள்ளைகள் மூளை ஸ்கேன் எடுக்கணுமா, வேறு வழி இருக்கா?

பெற்றவர்களில் ஒருவருக்கு நாற்பத்தெட்டு ஐம்பது வயதிலேயே மறதி நோய் வந்து, அது அல்சைமராக இருக்கலாம் என்று வைத்தியரும் சொல்லிவிட்டால், வீட்டில் மற்றவர்களுக்கு உடனே வருகிற யோசனை ஒன்றுதான்: கண்டிக்கோ கொழும்புக்கோ போய்த் தலையை ஒரு ஸ்கேன் எடுத்துவிட்டால் நமக்கும் வருமா வராதா என்று தெரிந்துவிடும். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் ஸ்கேன் என்றால் ஒரு தனி மரியாதை. இரத்தப் பரிசோதனைச் சீட்டில் பத்து எண் இருந்தாலும் நம்பமாட்டோம், பெரிய உறைக்குள் கறுப்புப் படம் வந்தால் அதற்கு மேல் பேச்சே இல்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணம் பின்னால் வரும். "எனக்கு வருமா?" என்பது ஒரு கேள்வி. "எனக்குள்ளே ஏற்கனவே தொடங்கிவிட்டதா?" என்பது வேறு கேள்வி. முதலாவதுக்குப் பதில் மரபணுவில் இருக்கிறது, அதையும் நோய்ப்பட்ட அம்மாவின் அல்லது அப்பாவின் இரத்தத்தில்தான் முதலில் தேட வேண்டும். இரண்டாவதற்குத்தான் ஸ்கேன். நம்மில் பலர் முதல் கேள்வியை மனசில் வைத்துக்கொண்டு இரண்டாவதற்குக் காசு கட்டப் போகிறோம்.

சரி, எது பரம்பரையாக வருவது என்று முதலில் பிரித்துக்கொள்வோம், ஏனென்றால் இந்தக் கட்டுரை எல்லோருக்குமானது இல்லை. அல்சைமர் வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது அறுபத்தைந்துக்கு மேல்தான் வருகிறது. பாட்டிக்கு எழுபத்தெட்டு வயதில் மறதி வந்தது என்றால் பேரப்பிள்ளைகள் மரபணு, பெட் ஸ்கேன் (கதிரியக்கச் சாயம் ஏற்றி எடுக்கிற படம்) என்று அலைய வேண்டியதில்லை. பிரஷரையும் சீனியையும் பார்த்துக்கொண்டு, காது கேட்காவிட்டால் அதைக் கவனித்து, சிகரெட்டை விட்டாலே நல்லது. 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 14 காரணங்களைப் பட்டியல் போட்டு, உலகத்தில் வருகிற மறதி நோயில் ஏறக்குறைய 45 சதவீதம் அவற்றோடு தொடர்புடையது என்று சொன்னது இந்த வகைக்குத்தான் பொருந்தும்.

நேரடியாகப் பரம்பரையில் இறங்குகிற வகை வேறு. அது மொத்த அல்சைமரில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. மூன்று மரபணுக்களில் ஏதாவது ஒன்றில் மாற்றம் இருந்தால் வருவது: 21ஆம் குரோமோசோமில் உள்ள ஏ.பி.பி., 14இல் உள்ள ப்ரெசெனிலின் 1, 1இல் உள்ள ப்ரெசெனிலின் 2. இதில் அதிகம் காணப்படுவது ப்ரெசெனிலின் 1. அந்தக் குடும்பங்களில் முப்பதுகளிலும் நாற்பதுகளிலுமே ஆரம்பித்துவிடுவது உண்டு. பெற்றவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆண் பெண் வித்தியாசம் இல்லை. வாங்கியவர்களுக்கு, ஆயுள் இருந்தால், அநேகமாக நோய் வந்தே தீரும். வாங்காதவர்களுக்கு இந்தக் குடும்ப வழியில் வராது, அவர்களுடைய பிள்ளைகளுக்கும் இல்லை.

அபோ ஈ4 என்று ஒரு மரபணு வகை இருக்கிறதே, அது இது இல்லை. அது ஒரு பிரதி இருந்தால் ஆபத்து சுமார் மூன்று மடங்கு, இரண்டு இருந்தால் எட்டு முதல் பன்னிரண்டு மடங்கு என்று சொல்வார்கள், ஆனால் இருந்தும் வராதவர்கள் ஏராளம், இல்லாமலே வருகிறவர்களும் ஏராளம். அதற்கான பரிசோதனையைக் காட்டி "பரம்பரை அல்சைமர் டெஸ்ட்" என்று யாராவது விற்றால் கேள்வி கேளுங்கள்.

இன்னொரு விஷயம், இதை ஏனோ யாரும் முதலில் செய்வதில்லை: அம்மாவுக்கு வந்திருப்பது உண்மையில் அல்சைமர்தானா? தைராய்டு குறைவு, பி12 குறைவு, நீண்ட நாள் மனச்சோர்வு, குடி, சில மாத்திரைகள் எல்லாமே ஐம்பது வயதுக்காரரை மறதிக்காரராக்கும். மழை நாளில் சரிவில் சறுக்கி விழுந்து தலையில் அடிபட்டு, அப்போது ஒன்றும் இல்லாமல், சில வாரம் கழித்து மூளைக்கு வெளியே தேங்கிய இரத்தம் ஆளைத் தடுமாற வைக்கும். அதை அறுவைச் சிகிச்சையில் எடுத்துவிட்டால் ஆள் பழையபடி தேறிவிடுவதும் உண்டு. எனவே வீட்டில் ஒரே ஒருவருக்குத்தான் ஸ்கேன் எடுக்க முடியும் என்றால் அந்த ஒருவர் அம்மாதான், பிள்ளைகள் இல்லை.

பொகவந்தலாவைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அந்த அம்மா இருபது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். முதலில் கவனித்தது வீட்டார் இல்லை, கூட மலைக்குப் போகிற பெண்கள்தான். கொழுந்து நிறுக்கிற இடத்தில் தன் கிலோவைக் கேட்டுப் பதியாமலே திரும்பி நடந்துவிடுவாராம். அதற்கு முன்பு அரைக் கிலோவுக்குக் கூட விடாமல் வாதாடியவர். அப்புறம் ஒருநாள் வேலை முடிந்து, தான் சின்னப் பிள்ளையாக இருந்த மேல் டிவிசன் லயத்துக்குப் போய், வேறு யாரோ குடியிருக்கிற வீட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டிருக்கிறார். வயது நாற்பத்தொன்பது. மகள் கொழும்பில் வேலை, மகன் ஹட்டனில் ஆட்டோ ஓட்டுகிறார். நோயின் பெயர் தெரிந்த பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது இது:

"அக்கா, நீ கொழும்புலதானே இருக்க. ஒரு ஸ்கேன் எடுத்துரு. உனக்கு இல்லன்னா எனக்கும் இருக்காதுல்ல."

"ஏன்டா, புள்ளகுட்டிக்காரன் நீதானே, நீ எடேன்."

தம்பி சொன்னது பலரும் நம்புகிற விஷயம், அது தப்பு. சுண்டிவிட்ட காசு ஒருமுறை தலை விழுந்தால் அடுத்த முறை பூ விழும் என்று இல்லை. அம்மாவுக்கு மாற்றம் இருக்கிறது என்று உறுதியான பிறகு, அக்காவுக்கு இல்லை என்பது தம்பிக்கு ஒன்றுமே சொல்லாது, அக்காவுக்கு இருக்கிறது என்பதும் அப்படியே. ஒவ்வொருவருடைய கணக்கும் தனி. அக்காவும் தம்பியும் வெவ்வேறு முடிவு எடுக்கலாம், எடுத்த முடிவை மற்றவர் தலையில் கட்டவும் கூடாது.

இனி ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

எம்.ஆர்.ஐ.தான் நமக்குக் கிட்டத்தில் இருப்பது. கண்டி தேசிய வைத்தியசாலையில் நரம்பியல் கிளினிக் இருக்கிறது, அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியர் எழுதிக் கொடுத்தால் காசு இல்லை, திகதிக்குத்தான் காத்திருக்க வேண்டும். கதிர்வீச்சு இல்லை, சத்தம் மட்டும் அதிகம். இது மூளையின் வடிவத்தைக் காட்டுகிறது: புது நினைவுகளைப் பதிய வைக்கிற ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியும் அதை ஒட்டிய இடங்களும் சுருங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அல்சைமர் வந்தவர்களுக்கு ஹிப்போகாம்பஸ் வருடத்துக்கு 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்குகிறது, வயதானால் எல்லோருக்கும் சுமார் ஒரு சதவீதம் சுருங்கத்தான் செய்யும். அம்மாவுக்கு இது பயன்படும். அறிகுறி இல்லாத முப்பது வயது மகளுக்கு ஒரே ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்து, "நார்மல்" என்று வந்தால் என்ன அர்த்தம்? இன்றைக்கு அளவு சரியாக இருக்கிறது என்று மட்டும்தான். மரபணு மாற்றம் இருந்தாலும் அந்த வயதில் படம் சுத்தமாகவே இருக்கலாம். சுருக்கம் முன்னதாகவே தெரிகிறது என்று ஆராய்ச்சியில் சொல்வது நூறு இருநூறு பேரின் சராசரியை வைத்து. ஒரு ஆளை எடுத்துப் பார்த்தால், சிலருக்குப் பிறவியிலேயே அந்தப் பகுதி சின்னது. இன்னொரு தொல்லையும் உண்டு: தேடாத ஏதோ ஒன்று படத்தில் தெரியும், ஒரு சின்ன நீர்க்கட்டி, இரண்டு வெள்ளைப் புள்ளி. பெரும்பாலும் அதனால் ஒன்றும் இல்லை, ஆனால் அறிக்கையில் எழுதியிருப்பதால் அடுத்த ஆறு மாதம் அதன் பின்னால் அலைவோம்.

அடுத்தது குளுக்கோஸ் பெட் ஸ்கேன். மூளை எந்த இடத்தில் சீனியை எரிக்கிறது, எங்கே மந்தமாகிவிட்டது என்று காட்டும். அல்சைமரில் தலையின் பின்பக்கமும் பக்கவாட்டிலும் மந்தம் தெரியும். மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் இருக்கிற பெட் இயந்திரம் புற்றுநோயாளருக்கானது. அந்த வரிசையில், நோய் இருக்கிறதா என்று ஆவலில் பார்க்க வந்த நல்ல ஆள் ஒருவர் இடம் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அறிகுறி தொடங்கி, அது அல்சைமரா வேறு வகை மறதியா என்று பிரிக்க முடியாமல் வைத்தியர் கேட்டால் அது வேறு கதை.

எல்லோரும் உண்மையில் கேட்பது மூன்றாவதை, அமிலாய்ட் பெட். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அல்சைமரில் மூளைக்குள் அமிலாய்ட் என்ற புரதம் படிவு படிவாகச் சேர்கிறது. 2004 வரை, ஆள் உயிரோடு இருக்கும்போது அதைப் படம் பிடிக்க வழி இல்லை என்றே சொல்லலாம், இறந்த பிறகு மூளையை வெட்டிப் பார்த்துத்தான் உறுதி செய்தார்கள். அந்த வருடம்தான் பிட்ஸ்பர்க் கலவை என்ற கதிரியக்கச் சாயத்தை நோயாளிகளுக்கு ஏற்றிப் பார்த்த ஆய்வு வெளிவந்தது. அதில் கார்பன் 11 இருந்ததால் இருபது நிமிடத்தில் பாதி போய்விடும், பக்கத்திலேயே அதைத் தயாரிக்கிற சைக்ளோட்ரான் இயந்திரம் இல்லாமல் நடக்காது. 2012இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த ஃப்ளோர்பெட்டாபிர், அதன் பின் வந்த இரண்டு சாயங்கள், எல்லாம் ஃப்ளோரின் 18 கொண்டவை. பாதியாகக் குறைய 110 நிமிடம் ஆகும். அப்படியும் ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் பஸ்ஸில் போகிற நேரத்தில் அது பாதிக்கும் கீழே போய்விடும், எனவே மலைநாட்டில் இதை எதிர்பார்க்கக் கூடாது.

செய்முறை சுலபம். கையில் ஊசி, முப்பது முதல் ஐம்பது நிமிடம் காத்திருப்பு, அப்புறம் பத்து நிமிடம் படம். கதிர்வீச்சு சுமார் 7 மில்லிசீவர்ட், நாம் வருடம் முழுக்க இயற்கையிலிருந்து வாங்குவதைப் போல இரண்டு மூன்று மடங்கு. படத்தைப் படிக்கிற விதம்தான் சுவாரஸ்யமானது. இந்தச் சாயம் மூளையின் உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியில் எல்லோருக்கும் ஒட்டும். சுத்தமான மூளையில் வெள்ளைப் பகுதி பிரகாசமாகவும் வெளியோரச் சாம்பல் பகுதி மங்கலாகவும், நடுவில் கோடு போட்ட மாதிரி எல்லையும் தெரியும். அமிலாய்ட் சேர்ந்தால் சாம்பல் பகுதியும் ஒளிர்ந்து அந்த எல்லை அழிந்துவிடும்.

பரம்பரைக் குடும்பங்களில் இது எவ்வளவு முன்னால் தெரிகிறது? அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை மையமாக வைத்து 2008இல் தொடங்கிய டியான் என்ற ஆய்வு வலையமைப்பு 2012இல் ஒரு காலவரிசையை வெளியிட்டது. பிள்ளைக்கு நோய் தொடங்கும் வயது பெற்றவருக்குத் தொடங்கிய வயதை ஒட்டியே இருக்கும் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணினார்கள். முதுகுத் தண்டு நீரில் அமிலாய்ட் அளவு மாறுவது அந்த வயதுக்கு 25 வருடம் முன்னால். பெட் படத்தில் அமிலாய்ட் தெரிவதும் மூளைச் சுருக்கமும் 15 வருடம் முன்னால். சீனி எரிப்பு குறைவது 10 வருடம் முன்னால். கொலம்பியாவின் அந்தியோக்கியா மலைப்பகுதியில், பிரான்சிஸ்கோ லோபெரா என்ற நரம்பியல் வைத்தியர் பல பத்தாண்டுகள் கூடவே நின்று ஆராய்ந்த பெரிய குடும்பத்தில், மறதி நாற்பத்து நான்கு வயதளவில் தொடங்குகிறது, ஆனால் பெட் படத்தில் அமிலாய்ட் இருபத்தெட்டு வயதளவிலேயே தெரிய ஆரம்பித்துவிடுகிறது.

அப்படியானால் ஸ்கேனே போதுமே என்று தோன்றும். இங்கேதான் நிற்க வேண்டும். அம்மாவுக்கு நாற்பத்தொன்பதில் வந்தது என்றால் மகளுக்கு முப்பத்து நான்கு வரை படம் சுத்தமாகவே இருக்கலாம். இருபத்தெட்டில் எடுத்து "இல்லை" என்று வந்தால் அந்த "இல்லை"க்குப் பெறுமதி இல்லை, மறுபடியும் மறுபடியும் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சுவீடன் குடும்பம் ஒன்றில் கண்டுபிடிக்கப்பட்ட ஆர்க்டிக் என்ற ஏ.பி.பி. மாற்றம் இருப்பவர்களுக்கு, நோய் வந்த பிறகும் பிட்ஸ்பர்க் கலவை படத்தில் ஒன்றும் காட்டவில்லை, ஏனென்றால் அவர்களுடைய படிவு வேறு மாதிரி. மறுபக்கம், படத்தில் அமிலாய்ட் இருப்பதாலேயே நோய் வரும் என்றும் இல்லை: மறதியே இல்லாத சாதாரண ஆட்களில் ஐம்பது வயதில் பத்தில் ஒருவருக்கும், தொண்ணூறு வயதில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கும் அமிலாய்ட் இருக்கிறது என்று 2015இல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். கொலம்பியக் குடும்பத்திலேயே அலிரியா என்ற பெண்மணி. மரபணு மாற்றம் இருந்தது, பெட் படத்தில் தலை நிறைய அமிலாய்ட், ஆனால் எழுபது வயது தாண்டும்வரை நினைவு நன்றாக இருந்தது. அபோ ஈ மரபணுவில் கிறைஸ்ட்சர்ச் என்ற அபூர்வ மாற்றம் அவருக்கு இரண்டு பிரதி இருந்ததுதான் காப்பாற்றியது என்று கருதுகிறார்கள். இது 2019இல் வெளிவந்தது, மறு வருடம் அவர் எழுபத்தேழு வயதில் காலமானார்.

2013இல் அமெரிக்க அல்சைமர் சங்கமும் அணு மருத்துவச் சங்கமும் சேர்ந்து அமிலாய்ட் பெட் யாருக்கு எடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று ஒரு விதி எழுதின. கூடாது என்ற பட்டியலில் அறிகுறி இல்லாதவர்கள் இருக்கிறார்கள், குடும்பத்தில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எடுப்பவர்கள் இருக்கிறார்கள், கூடவே இன்னொரு வரி: பரம்பரை மாற்றம் இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறவருக்கு மரபணுப் பரிசோதனைக்குப் பதிலாக இதை எடுக்கக் கூடாது. நம் கேள்விக்கு எழுதி வைத்த பதில் மாதிரியே இருக்கிறது. தனியார் இடத்தில் யாராவது "முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பேக்கேஜ்" என்று நீட்டினால் இந்த வரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

டாவ் என்ற இன்னொரு புரதத்தைக் காட்டுகிற டாவ் பெட் என்று ஒன்றும் உண்டு, 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அறிகுறி நெருங்கும்போதுதான் நன்றாகத் தெரியும், அறிகுறியோடு ஒட்டிப் போவதும் அதுதான். நமக்கு இப்போதைக்கு எட்டாத தூரம், விட்டுவிடுவோம்.

எனக்கு அதிக நம்பிக்கை இருப்பது இரத்தத்தில். பி-டாவ் 217 என்ற புரதம் கொலம்பியக் குடும்பத்தில் மாற்றம் இருப்பவர்களுக்கு அறிகுறிக்குச் சுமார் இருபது வருடம் முன்பே கூடத் தொடங்குகிறது என்று 2020இல் காட்டினார்கள். 2025 மே மாதம் அமெரிக்காவில் முதல் இரத்தப் பரிசோதனைக்கு அனுமதி கிடைத்தது, ஆனால் அது ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் அறிகுறியோடு வருகிறவர்களுக்கு மட்டும். பெட் இயந்திரம் ஹட்டன் மலையேறி வராது, ஐஸ் பெட்டியில் ஒரு குழாய் இரத்தம் மலையிறங்கிப் போகும். அதனால்தான் சொல்கிறேன், நம் ஊருக்கு என்றைக்காவது இது வந்தால் இந்த வழியாகத்தான் வரும். இன்றைக்கு நல்ல ஆட்களுக்கு எடுத்துப் பார்க்கிற பரிசோதனையாக இது இல்லை.

மரபணுப் பரிசோதனைக்கு வருவோம். வயது எதுவானாலும் பதில் ஒன்றே, ஒருமுறை எடுத்தால் போதும், சிறிதளவு இரத்தம்தான். ஆனால் வரிசை முக்கியம். முதலில் அம்மாவின் இரத்தத்தில் மூன்று மரபணுக்களையும் படிக்க வேண்டும். அங்கே ஒரு மாற்றம் கிடைத்தால் மட்டுமே பிள்ளைகளிடம் அதே இடத்தைப் பார்த்து உண்டு, இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியும். அம்மாவைப் பார்க்காமல் மகளை மட்டும் பார்த்து "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று வந்தால், குடும்பத்தில் ஓடுவது இன்னும் யாரும் அறியாத வேறு மாற்றமாக இருக்கலாம், அந்த நிம்மதி பொய் நிம்மதி. "பொருள் தெளிவில்லாத மாற்றம்" என்று ஒரு பதிலும் வரலாம், அதை வைத்துக்கொண்டு யாரும் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் 1983இலிருந்து மனித மரபியல் பிரிவு இருக்கிறது. கிளினிக் வைத்தியரிடம் மரபியல் ஆலோசனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கும்போது இப்படி ஒரு இடம் இருப்பது தெரிந்திருப்பது உதவும். அங்கே சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பேச்சு ஓடினால் வெட்கப்படாமல் தமிழ் தெரிந்தவரைக் கேளுங்கள், பாதி புரிந்துகொண்டு கையெழுத்துப் போடுகிற விஷயம் இல்லை இது.

ஆலோசனை என்பது சும்மா சடங்கு இல்லை. முடிவு தெரிந்த பிறகு தெரியாமல் ஆக்கிக்கொள்ள முடியாது. முப்பது வயதில் "இருக்கிறது" என்று தெரிந்துகொண்டு பதினைந்து இருபது வருடம் நடமாட வேண்டும், சாவியை எங்கே வைத்தோம் என்று மறந்தாலும் அன்றைக்குத் தூக்கம் போய்விடும். நம் லயத்தில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கும். ஒரு வீட்டுக் கடிதம் எங்கிருந்து வந்தது என்று மாலைக்குள் தோட்டம் முழுக்கத் தெரியும். கல்யாணம் பேசுகிற வீட்டில் இது போய்ச் சேர்ந்தால், மாற்றம் இல்லாத தங்கச்சிக்கும் சேர்த்து வினையாகும். காப்புறுதிப் படிவத்தில் பெற்றோர் நோய் பற்றிக் கேள்வி இருக்கும். இதனால்தான் யார் யாருக்குச் சொல்வது என்பதை இரத்தம் கொடுக்கும் முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு எடுக்கவே கூடாது, எந்தப் பெரியவர் கேட்டாலும்.

தெரிந்து என்ன செய்யப் போகிறோம் என்ற கேள்வியை ஒதுக்க முடியாது. 2023இல் லெக்கானெமாப், 2024இல் டோனானெமாப் என்று இரண்டு மருந்துகளுக்கு அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது. இரண்டும் அமிலாய்டை அகற்றுகின்றன, ஆனால் அனுமதி அறிகுறி தொடங்கிய ஆரம்பக் கட்டத்துக்கு. நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கின்றன, நிறுத்தவில்லை. மூளையில் வீக்கமும் இரத்தக் கசிவும் வரலாம் என்பதால் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். அறிகுறி இல்லாத பரம்பரைக் குடும்பத்தினருக்கு கான்டெனெருமாப் என்ற மருந்தை டியான் கொடுத்துப் பார்த்ததில், சராசரி எட்டு வருடம் எடுத்துக்கொண்ட ஒரு சிறு குழுவில் அறிகுறி வரும் ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2025இல் எழுதினார்கள். நம்பிக்கை தருகிற செய்திதான், ஆனால் சின்னக் குழு, அந்த மருந்தின் தயாரிப்பையும் நிறுவனம் 2022இலேயே கைவிட்டுவிட்டது. கொலம்பியக் குடும்பத்தில் கொடுத்துப் பார்த்த கிரெனெசுமாப் என்ற இன்னொரு மருந்து பலன் தரவில்லை. ஆகவே இன்று நல்ல நிலையில் இருக்கும் ஒருவருக்கு "முன்கூட்டியே தெரிந்ததால் முன்கூட்டியே மருந்து" என்று கொடுக்க அனுமதி பெற்ற எதுவும் இல்லை. தெரிவதால் கிடைப்பது மருந்து இல்லை, வாழ்க்கைத் திட்டம்: பிள்ளை பெறுவதா, வெளிநாட்டு வேலைக்குப் போவதா, சேமலாப நிதியை எடுத்து வீடு கட்டுவதா வைத்திருப்பதா, அம்மாவை யார் பார்ப்பது, என்னை யார் பார்ப்பது.

ஆய்வில் சேர்வது இன்னொரு வழி. டியான் மாதிரியான ஆய்வில் எம்.ஆர்.ஐ., பெட் எல்லாம் வருடக்கணக்காக எடுப்பார்கள், ஆனால் உங்கள் மரபணு முடிவை நீங்கள் விரும்பாவிட்டால் சொல்லமாட்டார்கள். மருந்துப் பரிசோதனையில் மாற்றம் இல்லாதவர்களையும் சேர்த்து அவர்களுக்கு வெறும் போலி மருந்து கொடுத்தார்கள், சேர்ந்தவர் யார் எந்தப் பக்கம் என்று ஊகிக்க முடியாதபடி. அமிலாய்ட் பெட்டுக்கு நியாயமான இடம் இதுதான் என்று நினைக்கிறேன். அமெரிக்கா, ஐக்கிய இராச்சியம், ஜெர்மனி, ஆஸ்திரேலியா, ஜப்பான் போன்ற இடங்களில் நிலையங்கள் இருக்கின்றன. அங்கே குடியேறிய சொந்தம் உங்கள் குடும்பத்தில் இருந்தால் அவர்களுக்கு இது கைக்கெட்டும்.

ஒன்றும் எடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான், கோழைத்தனம் இல்லை. இதே மாதிரி பாதிக்குப் பாதி இறங்குகிற ஹண்டிங்டன் என்ற மூளை நோய்க்கு மரபணுப் பரிசோதனை வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது, பாதிக்குப் பாதி ஆபத்தில் இருக்கிறவர்களில் சிறுபான்மையினர்தான் அதை எடுத்துக்கொள்கிறார்கள். அந்த பொகவந்தலாவை அக்கா இதைத்தான் தேர்ந்தெடுத்தார். தம்பி தெரிந்துகொள்ள வேண்டும் என்று நிற்கிறார். இரண்டும் சரி.

என்னைக் கேட்டால் வரிசை இப்படி: அம்மாவை நரம்பியல் கிளினிக்குக்குக் கொண்டுபோய் நோயை உறுதி செய்வது, அதற்குத் தேவையான எம்.ஆர்.ஐ. அம்மாவுக்கு. பிறகு மரபியல் ஆலோசனை. பிறகு அம்மாவின் இரத்தம். பிள்ளைகளுடையது அதற்கும் பிறகு, வேண்டும் என்கிற பிள்ளைக்கு மட்டும். பிள்ளைகளுக்கு ஸ்கேன், தடுமாற்றம் ஏதாவது தெரிந்த அன்றைக்கு. அம்மாவின் நோய் முற்றிக்கொண்டே போகிறதென்றால், பிள்ளைகள் யாரும் இப்போது தெரிந்துகொள்ள விரும்பாவிட்டாலும், டி.என்.ஏ. எடுத்துச் சேமித்து வைக்க முடியுமா என்று ஆலோசனையின்போது கேளுங்கள். அம்மா போன பிறகு அந்த வாசல் மூடிவிடும், பத்து வருடம் கழித்து பேரப்பிள்ளை கேட்கும்போது ஒப்பிட எதுவும் இருக்காது.

கிளினிக்குக்குப் போகும் முன்பு வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, நம் ஆட்களுக்கு அதுதான் கஷ்டமும். வைத்தியர் முதலில் கேட்பது குடும்ப விவரம், மூன்று தலைமுறைக்கு: யாருக்கு வந்தது, எந்த வயதில், எப்படி இறந்தார். 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு பாதிச் சொந்தம் இந்தியாவில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போய்விட்டது. அம்மாவுடைய அண்ணன் அங்கே "புத்தி தடுமாறி" செத்துப்போனார் என்று மட்டும் தெரியும், எந்த வயதில் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அடையாள அட்டையில் இருக்கும் பிறந்த வருடமும் பழைய ஆட்களுக்குக் குத்துமதிப்புத்தான். எனவே வயதைக் கேட்காதீர்கள், சம்பவத்தைக் கேளுங்கள்: கப்பலேறும் முன்னாடியா பின்னாடியா, எண்பத்து மூன்று கலவரத்தப்ப நல்லா இருந்தாரா, மூத்த மகள் கல்யாணத்தில் வந்தவங்களை அடையாளம் தெரிஞ்சுதா. வாட்ஸ்அப்பில் அந்தப் பக்கத்து மாமாவையும் சித்தியையும் பிடித்து, முடிந்தால் அவர்கள் ஆஸ்பத்திரிச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். குடித்ததால் தடுமாறியவரையும் வாதம் அடித்துத் தடுமாறியவரையும் தனியாகக் குறித்துவையுங்கள், எல்லோரையும் ஒரே நோயில் சேர்த்துவிட்டால் கணக்கு தப்பும். தோட்ட டிஸ்பென்சரி கார்டு, அம்மா குடிக்கிற மாத்திரைகள் எல்லாம், தடுமாற்றம் முதலில் எப்போது, எதில் தெரிந்தது என்று தேதியோடு எழுதிய ஒரு தாள். கூடவே, அம்மாவோடு மலைக்குப் போன பெண்களில் ஒருவர் வர முடிந்தால் அவரையும் கூட்டிப் போங்கள், பிள்ளைகளுக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும்.